வேனுக்கு என்ன போட்டீர்கள்?

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் இருமல் நின்றதா, இல்லை இருமிக்கொண்டேதான் வேலைக்குப் போகிறாயா என்று அண்ணி கேட்கச் சொன்னாள். வெந்நீர் குடி என்று சொன்னால் நீ கேட்க மாட்டாய். ஆகவே நான் சொல்லவில்லை.

நல்ல செய்தி ஒன்று. நம் மூன்று லாரிகளுக்கும் கல்குவாரியில் வருஷம் முழுக்க ஜல்லி ஓட்டம் கிடைத்திருக்கிறது. வேனுக்கும் வேலை வந்துவிட்டது. காய்கறி பேக்கிங் கம்பெனிக்குப் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். சித்தி மகன் பட்டாணிதான் வேனை ஓட்டுகிறான். பெயருக்கு ஏற்ற மாதிரி ஆள் இன்னும் அதே உயரம். சீட்டில் தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் ரோடு தெரிகிறது. ஆனால் அவன் ஓட்டினால் வண்டி அலுங்காது.

சிக்கல் எல்லாம் டயரில் வந்து நிற்கிறது. குவாரி மேனேஜர் லாரிகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த மொட்டைத் தலைங்களோட உள்ள வராதீங்க. எங்க கல்லு சும்மா விடாது" என்றார். டயரின் பட்டன் எல்லாம் தேய்ந்து வழுவழுவென்று இருப்பது உண்மைதான். கடைக்குப் போனால் ஆளுக்கொரு பேச்சு. ஒருவன் ரேடியல் என்கிறான், ஒருவன் நைலான் என்கிறான், இன்னொருவன் பழைய டயருக்கே புது ரப்பர் ஒட்டித் தருகிறேன் என்கிறான்.

நீ டயர் கம்பெனியின் சோதனைக்கூடத்தில், நல்ல டயரை வெடிக்கிறவரை ஓட்டிப் பார்க்கிறவன். வெடிக்க வைத்துச் சம்பளம் வாங்குகிற பிள்ளை நம் வீட்டில் பிறப்பான் என்று அப்பா நினைத்திருக்க மாட்டார். எது உழைக்கும், எது ஏமாற்றும் என்று விவரமாக எழுது. போனில் சொன்னால் கடைக்குள் போனதும் எனக்கு மறந்துவிடுகிறது. தாளைப் பிரித்து மேஜைமேல் வைத்தால் கடைக்காரனும் வாயை அடக்குவான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். இருமல் போய்விட்டது. அண்ணியிடம் வெந்நீர்தான் குடிக்கிறேன் என்று சொல்லுங்கள், பாதி உண்மை.

குவாரி ஓட்டம் கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. இனி டயர் விஷயம். லாரியின் முன் சக்கரங்களுக்கு, நீளவாக்கில் கோடு ஓடுகிற பட்டன் உள்ளதை வாங்குங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சொன்ன பேச்சைக் கேட்பது அதுதான். பின் சக்கரங்களுக்கு ஆழமான, கட்டை கட்டையான பட்டன் வேண்டும். குவாரிக்கு உள்ளேயே சுற்றுகிற வண்டிக்கு நைலான் போதும், கல்லின் வெட்டைத் தாங்கும். தார் ரோட்டில் தூரம் போகிற வண்டிக்கு ரேடியல். விலை அதிகம்தான், ஆனால் சூடு ஏறாது, அதனால் ரொம்ப நாள் உழைக்கும். புது ரப்பர் ஒட்டியதைப் பின்பக்கம் போடலாம், உள்கூடு நன்றாக இருந்தால் மட்டும். முன்னால் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். இரட்டைச் சக்கரத்தில் ஒரு புதியதையும் ஒரு பழையதையும் ஜோடி சேர்க்காதீர்கள். உயரமானது மொத்தச் சுமையையும் தலையில் தூக்கிக்கொண்டு சீக்கிரம் சாகும், குட்டையானது சும்மா சுற்றிக்கொண்டு வரும். நம் சொந்தக்காரர்கள் சிலரைப் போல.

பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டும் எந்த வாரம், அடுத்த இரண்டும் எந்த வருஷம் தயாரானது என்று சொல்லும். பளபளப்பைப் பார்க்காதீர்கள், அதைப் பாருங்கள்.

வேனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், அதில் ஏறுவது ஜல்லி அல்ல. வேனின் ரிம்மில் கார் டயரும் உட்காரும். அளவு எண் ஒன்றாகவே இருக்கும், விலை குறைவாக இருக்கும், கடைக்காரர்கள் அதைத்தான் தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஒரு குடும்பத்தைத் தூக்குவதற்குச் செய்தது அது. வண்டி நிறைய ஆள் ஏறினால் அதன் பக்கச் சுவர் தாங்காது. வெயிலில் ஓட ஓட உள்ளே சூடேறி, பக்கவாட்டில் ஒரு புடைப்பு வரும். அதற்குப் பிறகு அது யாருக்கும் அவகாசம் கொடுக்காது. நான் இங்கே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சுமை வண்டிக்கான டயரில் அளவு எண்ணுக்குப் பின்னால் சி என்ற எழுத்து இருக்கும். அது இல்லாத டயரை வேனுக்குப் போடாதீர்கள்.

இப்போது வேனில் என்ன இருக்கிறது?

பட்டாணியையும் சித்தியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தம்பி

மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைக் கடைக்காரன் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தான். முகம் சுருங்கிப் போயிற்று. "யாருங்க இது எழுதினது?" என்றான். "என் தம்பி. டயரை வெடிக்க வைக்கிற உத்தியோகம்" என்றேன். அதற்குப் பிறகு அவன் பேச்சில் பணிவு வந்துவிட்டது. உள்ளே கிடந்த பழைய சரக்கு ஒன்றையும் எடுத்துக் காட்டவில்லை. நான்கு இலக்கத்தை நானே விளக்கு அடித்துப் பார்த்தேன். பார்க்கத் தெரிந்தவன் மாதிரி தலையையும் ஆட்டினேன்.

மூன்று லாரிக்கும் நீ சொன்னபடியே வாங்கியாயிற்று. பேரம் பேசிக் கொசுறுகூட வாங்கினேன். வண்டிகளை ஷெட்டில் வரிசையாக நிறுத்திவிட்டு அண்ணியைக் கூட்டி வந்து காட்டினேன். புது ரப்பர் வாசனையில் அவளுக்குத் தும்மல் வந்துவிட்டது. குவாரி மேனேஜரும் ஒன்றும் பேசாமல் கேட்டைத் திறந்துவிட்டார். அந்த ஆளுக்கு அது பெரிய பாராட்டு.

மாடியில் ஓர் அறை கட்டலாம் என்று இருக்கிறேன். உனக்குத்தான். லீவுக்கு வந்தால் ஹாலில் பாயைச் சுருட்டிக்கொண்டு கிடக்க வேண்டாம்.

பட்டாணிக்குப் பெண் பார்க்கிறார்கள். பெண் வீட்டார் வந்தால் நாற்காலியிலிருந்து எழுந்திருக்காதே என்று சித்தி அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். அங்கே வெயில் ஏறியிருக்கும், மதியத்தில் ஷெட்டின் தகரத்துக்குக் கீழே நிற்காதீர்கள்.

கடைக்காரர் கதையைச் சோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். உங்கள் விளக்குக்கும் தலையாட்டலுக்கும் இங்கே பெரிய பேர்.

காற்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். காலையில் வண்டி கிளம்புவதற்கு முன்னால், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கச் சொல்லுங்கள். ஓடிவந்த சூட்டில் பார்த்தால் கூடுதலாகத்தான் காட்டும். காற்று குறைந்தால் நல்ல டயரும் வீணாகும்.

வேனுக்கு என்ன போட்டீர்கள்? போன கடிதத்தில் அதை எழுத விட்டுப்போயிற்று. பட்டாணியைப் பார்த்து எழுதச் சொன்னாலும் போதும்.

மாடி அறை எல்லாம் எதற்கு? வருஷத்தில் நான் வருவது சில நாட்கள். ஆனாலும் கட்டினால் ஜன்னலைத் தெருப்பக்கம் வையுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு.

தம்பி

ஜூன் 17

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். பதில் எழுதத் தாமதம், ஓட்டம் அப்படி. உட்கார நேரம் இல்லை.

லாரி டயர்கள் பிரமாதம். குவாரியில் மற்றவர்கள் வண்டியெல்லாம் வாரம் ஒரு பஞ்சர் என்று ஜாக்கி போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். நம்முடையது நிற்கவே இல்லை. "உங்க டயரை எங்க வாங்கினீங்க?" என்று ஆள் ஆளாக வந்து கேட்கிறார்கள். நானும் பெரிய மனுஷன் மாதிரி, "வாங்கற இடத்துல இல்லைய்யா விஷயம், பாக்கற கண்ணுல இருக்கு" என்று சொல்லிவிட்டு வருகிறேன். கண் உன்னுடையது என்று சொல்வதில்லை. கோபித்துக்கொள்ளாதே.

மாடிக்குச் சுவர் எழும்பிவிட்டது. ஜன்னல் தெருப்பக்கம்தான். அண்ணி உனக்கு என்று தனியாக மெத்தை தைக்கச் சொல்லியிருக்கிறாள்.

வேனைப் பற்றிக் கவலைப்படாதே. அதெல்லாம் பார்த்தாயிற்று. கம்பெனியில் ஆள் கூடியிருக்கிறது, இரண்டு பெஞ்சு கூடுதலாகப் போட்டிருக்கிறோம். பட்டாணியின் பெண் பேச்சு நல்லபடியாகப் போகிறது.

உனக்கும் வயது ஏறுகிறது. யாராவது மனதில் இருந்தால் அண்ணியிடமாவது சொல்.

உன் அண்ணன்

ஆகஸ்ட் 11

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருப்பாய். நாங்கள் இருக்கிறோம். என் ஜூன் கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் வரவில்லை.

இங்கே ஒரு சங்கடம் நடந்துவிட்டது. நீ யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட நானே எழுதுவது நல்லது என்று அண்ணி சொன்னாள். வேன் பாலத்துக்கு இறங்குகிற சரிவில் கவிழ்ந்துவிட்டது. சாயங்காலம், வேலை முடிந்து வருகிற நேரம். பெண்களில் பல பேருக்கு அடி. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் போய்விட்டாள். தையல்காரர் ஒருவரின் மனைவி. நம் தெருவைத் தாண்டித்தான் அவர்கள் வீடு. பட்டாணியின் வலது கை கதவுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிர் இருக்கிறது. பெண் வீட்டார் இனி வரமாட்டார்கள் என்று சித்தியே சொல்கிறாள்.

விசாரணை வைத்திருக்கிறார்கள். வண்டி வேகமாகப் போயிற்று என்று பின்னால் வந்தவர்கள் சொன்னதாகப் பேச்சு. டயர் வெடித்ததும் உண்மை. வேகத்தில்தான் வெடித்திருக்க வேண்டும். நீ டயர் படித்தவன், உன் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. வேகமாக ஓட்டினால் நல்ல டயரும் வெடிக்கும் என்று ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு. கம்பெனி தாளில் இருந்தால் நல்லது. சீக்கிரம் வேண்டும்.

உன் அண்ணன்

ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போக முடியவில்லை. பட்டாணி எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறான்? அவனுக்கு யார் சோறு ஊட்டுகிறார்கள்? அந்தத் தையல்காரருக்குக் குழந்தைகள் இருக்கிறார்களா? இதில் ஒன்றையும் நீங்கள் எழுதவில்லை.

ஜூன் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை, உண்மைதான். வேனைப் பார்த்தாயிற்று என்று எழுதியிருந்தீர்கள். என்ன பார்த்தீர்கள் என்று திரும்பக் கேட்டால் உங்களை நம்பாத மாதிரி இருக்குமே என்று விட்டுவிட்டேன்.

இப்போது கேட்கிறேன். வேனுக்கு என்ன போட்டீர்கள்? வெடித்த டயர் எங்கே இருக்கிறது? அதன் பக்கவாட்டில் எழுதியிருப்பதை யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அதைப் பார்க்காமல் நான் எந்தக் கடிதமும் எழுத முடியாது.

தம்பி

செப்டம்பர் 6

தம்பிக்கு,

நலம். நீ கேட்ட டயர் இல்லை. கிழிந்த ரப்பரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஷெட் ஆட்கள் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டார்கள்.

உனக்கு ஒன்று ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. அப்பா போனபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். நானும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு பேரில் ஒருவர்தான் படிக்க முடியும் என்று ஆனபோது, யார் என்று உன்னை யாராவது கேட்டார்களா? நான் லாரியில் ஏறினேன். நீ என்னைவிட நன்றாகப் படித்தாய் என்பதற்காக இல்லை. நீ சின்னவன் என்பதற்காக. இதை இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது உன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேனா? இன்று சொல்ல வைத்துவிட்டாய்.

என் பெயரில் வழக்கு வந்தால் மூன்று லாரியும் நிற்கும். அதை நம்பி இருக்கிற டிரைவர்கள், கிளீனர்கள் நிற்பார்கள். பட்டாணிக்கு நான்தான் வைத்தியம் பார்க்கிறேன். சித்திக்கு மாதாமாதம் நான்தான் கொடுக்கிறேன், இனியும் கொடுப்பேன். நான் உள்ளே போனால் அவர்களுக்கு யார்? பட்டாணிக்கு இனி லைசென்ஸ் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். யோசித்துப் பார்.

பொய் சொல்லச் சொல்லவில்லை. வேகமாகப் போனால் டயர் வெடிக்குமா வெடிக்காதா, அதை எழுது. அது உண்மைதானே?

உன் அண்ணன்

செப்டம்பர் 25

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டதை இத்துடன் வைத்திருக்கிறேன். கம்பெனி தாளில் இல்லை, அதற்கு எனக்கு உரிமை கிடையாது. வெள்ளைத் தாளில் என் பெயரும் உத்தியோகமும் போட்டிருக்கிறேன். அதிக வேகம், குறைந்த காற்று, அளவுக்கு மீறிய சுமை, பொருந்தாத டயர், இவற்றில் எதனாலும் வெடிப்பு நேரலாம் என்று எழுதியிருக்கிறேன். இந்த வண்டியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அதில் பொய் ஒன்றும் இல்லை.

எதை முதலில் எழுதுவது என்பதில்தான் நாள் போயிற்று.

தம்பி

நவம்பர் 18

சின்னண்ணனுக்குப் பட்டாணி எழுதுவது.

அம்மா சுகம். நானும் இருக்கிறேன். உங்கள் சுகத்தை எழுதுங்கள். இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். லாரிக்குப் புது டயர் வாங்கியபோது வேனுக்கும் டயர் வந்தது. கடைக்காரர் கொசுறாகக் கொடுத்தது, யாரோ காரில் மாட்டிக் கழற்றியது. பார்க்கப் புதுசாக இருந்தது. நான் கையை வைத்து அமுக்கிப் பார்த்துவிட்டு, "பெரியண்ணே, பக்கம் மெல்லிசா இருக்கே, கார் டயர் மாதிரி தெரியுதே" என்றேன். பெரியண்ணன் சிரித்தார். "உன் சின்னண்ணன் பாத்து எழுதி அனுப்பினதுடா. அவனைவிட உனக்குத் தெரியுமா?" என்றார். பிறகு நான் ஏன் பேசப் போகிறேன்? பெஞ்சு கூடுதலாகப் போட்ட பிறகு பின்பக்க டயர் ஒன்றில் புடைப்பு வந்தது. போய்ச் சொன்னேன். "அவன்கிட்ட கேட்டுட்டேன், ஓடலாம்னான்" என்றார். பெண்கள் பயப்பட்டபோதுகூட நான் உங்களைச் சொல்லித்தான் தைரியம் கொடுத்தேன். டயருக்கென்றே படித்த ஆள் எங்கள் வீட்டில் இருக்கிறார் என்று சொன்னேன்.

அன்றைக்கு வேகமாகப் போகவில்லை. அந்தப் புடைப்பு மனதில் இருந்ததால் மெதுவாகத்தான் ஓட்டினேன். "என்னப்பா, நாங்க எறங்கித் தள்ளணுமா?" என்று கேலி செய்துகொண்டே வந்தார்கள். அதைக் கேட்டது இறந்துபோன அந்த அக்காதான்.

விசாரணையில் டயர் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சொன்ன டயர் கெட்டது என்று நான் சொன்னால் உங்கள் வேலைக்கு ஏதாவது வந்துவிடுமே என்று நினைத்தேன். அப்புறம் அவர்கள் ஒரு தாளை எடுத்து வாசித்தார்கள். டயர் பரிசோதகர் ஒருவர் எழுதியிருக்கிறார், வேகத்தைத்தான் முதல் காரணமாகச் சொல்கிறார் என்றார்கள். கடைசியில் உங்கள் பெயரை வாசித்தார்கள்.

குற்றம் என்மேல் என்று முடிந்துவிட்டது. லைசென்ஸ் போனது போகட்டும். இப்போது ஷெட்டில் உட்கார்ந்து போன் எடுக்கிறேன், பெரியண்ணன்தான் வைத்துக்கொண்டார். ஆனால் அந்தத் தையல்காரர் என்னைப் பார்த்தால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறார். ஒரு நாள்கூடத் திட்டவில்லை. திட்டினால் பதில் சொல்லலாம்.

நீங்கள்தான் அந்த டயரைச் சொன்னீர்களா? அது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுதுங்கள், நான் கோபப்பட மாட்டேன். இல்லை என்றால் எழுத வேண்டாம். வந்து அந்த மனுஷனிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பட்டாணி

டிசம்பர் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். அண்ணிக்கும் சொல்லுங்கள்.

நான் வந்து போனேன். வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

முதலில் சித்தி வீட்டுக்குப் போனேன். பட்டாணி கதவைத் திறந்தான். கடிதம் எழுதாமல் நான் நேரில் வந்ததே அவனுக்குப் பதில் என்று தெரிந்திருக்க வேண்டும், வாசலிலேயே கண் கலங்கிவிட்டான். நான் உங்களுக்கு எழுதியதை எல்லாம் சொன்னேன். கார் டயர் போடாதீர்கள் என்று எழுதினேன், புடைப்பைப் பற்றி நீங்கள் என்னிடம் கேட்கவே இல்லை என்று சொன்னேன். அவன் உங்களைத் திட்டவில்லை. "அப்ப நான் அவங்ககிட்ட எல்லாம் உங்க பேரைச் சொன்னது?" என்றான். திரும்பத் திரும்ப அதையே கேட்டான். என் பெயரைச் சொல்லித்தானே அவர்களை அந்த வண்டியில் ஏற்றினான்?

இருவரும் தையல்காரர் வீட்டுக்கு நடந்தோம். அவர் வாசலை ஒட்டி மிஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து எழுந்து போகப் பார்த்தார். நான் யார் என்று சொன்னதும் உட்கார்ந்தார். நான் பேசி முடிக்கிறவரை துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு கேட்டார்.

"அந்த டயர் ஆகாதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்?"

"தெரியும்."

"எழுதினீங்க?"

"எழுதினேன். வேனுக்கு என்ன போட்டீங்கன்னு மறுபடியும் கேட்டேன்."

"பதில் வந்துச்சா?"

"சரியா வரல."

"உங்ககிட்ட போன் இருக்கா?"

"இருக்கு."

அதோடு அவர் பட்டாணி பக்கம் திரும்பிக்கொண்டார், அண்ணா. மிஷினுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலின்மேல் கிடந்த துணிகளைத் தூக்கிக் கீழே வைத்தார். "நீ உக்காருப்பா, எவ்வளவு நேரம் நிப்ப?" என்று பட்டாணியிடம் சொன்னார். நான் நின்றுகொண்டிருந்தேன். நான் அங்கே இருக்கிறேன் என்பதே அவருக்கு மறந்துவிட்ட மாதிரி இருந்தது. தன் மனைவி வண்டியில் கடைசியாக என்ன பேசிக்கொண்டு வந்தாள் என்று அவனிடம் கேட்டார். இத்தனை மாதமும் அதை யாரிடமும் கேட்க அவருக்கு மனம் வராமல் இருந்திருக்கிறது. பட்டாணி சொன்னான். அந்தக் கேலியைக் கேட்டு அவர் சிரித்தார், பிறகு தலையை மிஷின்மேல் வைத்துக்கொண்டார்.

அங்கிருந்து நான் மட்டும் விசாரணை அலுவலகத்துக்குப் போனேன். முன்பு எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, எனக்குத் தெரிந்ததை எல்லாம் வாக்குமூலமாகக் கொடுத்தேன். அந்த அதிகாரி உங்கள் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

நீங்கள் படிப்பை விட்டதை நான் மறக்கவில்லை. நீங்கள் ஞாபகப்படுத்தாமலே இருந்திருக்கலாம். அந்தக் கடிதத்தை நான் எழுதியதற்கு அதுதான் காரணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். சரிவரவில்லை. எழுதியது என் கைதான்.

என் வேலையைப் பற்றி இங்கே இனிமேல்தான் தெரியும். சோதனைக்கூடத்தில் என்னை வேறு பிரிவுக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள்.

தம்பி

டிசம்பர் 21

உன் கடிதம் வந்தது.

அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து பர்மிட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று லாரியும் ஷெட்டில் நிற்கின்றன. டிரைவர்கள் இரண்டு நாள் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு வேறு இடம் தேடிக்கொண்டார்கள். பட்டாணியும் வருவதில்லை. சித்திக்குக் கொடுத்தனுப்பியதை அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். வழக்கு இப்போது என் பெயரில். உள்ளே போக வேண்டி வரலாம் என்று வக்கீல் சொல்கிறார். போகிறேன். நீ சொன்னது பொய் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அந்த டயரை மாட்டும்போது எனக்குத் தெரியும். கொஞ்ச நாள் ஓடட்டும், மாடி அறை வேலை முடிந்ததும் மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அதை நீ புரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதவில்லை. வேறு ஒன்றுக்காக எழுதுகிறேன்.

தையல்காரர் வீட்டுக்கு நம் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். நீ அன்றைக்கு இரண்டு தடவை தாண்டியிருக்கிறாய். அது சாப்பாட்டு நேரம். நீ வந்திருக்கிறாய் என்று சித்தி வீட்டுப் பக்கத்து ஆள் காலையிலேயே வந்து சொல்லிவிட்டார். எதற்காக வந்தாய் என்பதும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் அண்ணி அடுப்பைப் பற்ற வைத்தாள். "செய்யறதைச் செஞ்சுட்டுப் போகட்டும், சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்றாள். கதவைச் சாத்தவில்லை. உள்ளே இருட்டில் உட்கார்ந்து நீ தலையைக் குனிந்துகொண்டு போனதைப் பார்த்தோம். கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. திரும்பிப் பார்க்க உனக்குத் தோன்றவில்லை. பஸ் ஸ்டாண்டு கடையில் நின்றுகொண்டே ஏதோ தின்றாயாம். பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள்.

சாயங்காலம்வரை நாங்களும் சாப்பிடவில்லை. பிறகு அவள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தாள். உனக்கு வைத்த தட்டையும் சேர்த்து.

இனி எழுதாதே.